துவைக்காத பச்சைச் சட்டை

எங்கள் பேட்டையின் அழுக்கையெல்லாம் துவைத்துத் தருகிறவர் என் அண்ணி. ஆனால் அவருடைய சொந்தச் சட்டை ஒன்று வருடக்கணக்காகத் தண்ணீரைக் கண்ணால் கண்டதில்லை. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். பேட்டைக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

அண்ணனும் அண்ணியும் சலவைக் கடை நடத்துகிறார்கள். வாசலில் துணி வாங்கும் மேசை, அதற்குப் பின்னால் இரண்டு பெரிய இயந்திரங்கள், அவற்றுக்கும் பின்னால் அண்ணன். இஸ்திரி போடுவது அவர் பொறுப்பு. நாள் முழுக்க ஆவிக்குள் நின்று நின்று பேச்சையே சுருக்கிக்கொண்டுவிட்டார். வீட்டுக்குத் தேவையான பேச்சு முழுவதையும் அண்ணி பேசிவிடுவதால் அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

நான் வாடகைப் பேருந்து ஓட்டுகிறவன். கால்பந்து எனக்கு வேப்பங்காய். இருபத்திரண்டு பேர் ஒரு பந்தைத் துரத்துவதை இருநூறு பேர் நின்று பார்ப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்டு, அண்ணியிடம் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இருந்தும் எங்கள் பேட்டை அணி வெளியூரில் ஆடும் ஒவ்வொரு முறையும் ரசிகர்களை ஏற்றிக்கொண்டு போவது என் வண்டிதான். ரசிகர் சங்கத்துக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் அண்ணிதான். கொழுந்தன் வண்டி இருக்கும்போது வேறு வண்டிக்கு எதற்கு முன்பணம் என்பது சங்கத்தின் ஏகமனதான தீர்மானம்.

ஊர் ஊராகப் போவதில் அண்ணிக்கு அலுப்பே கிடையாது. டிரைவர் இருக்கைக்குப் பின்னால் முதல் ஜன்னல் அவருடையது. எந்த ஊருக்குள் நுழைந்தாலும் கடைத்தெருவைப் பார்க்கமாட்டார், கட்டடங்களைப் பார்க்கமாட்டார். மாடிகளில் துணி காயும் கொடிகளைத்தான் பார்ப்பார்.

"தம்பி, மெதுவா போ. அங்க பாரு, கலர் துணியையும் வெள்ளைத் துணியையும் ஒண்ணா போட்டுத் துவைச்சிருக்காங்க. எல்லாம் ரோஸ் ஆயிடுச்சு. இந்த ஊர்க்காரங்களுக்குப் பொறுமை இல்ல. முதல் பாதியிலேயே தாக்கி ஆடுவாங்க."

சொன்னபடியே நடந்ததும் உண்டு, நடக்காமல் போனதும் உண்டு. நடக்காத நாட்களைப் பற்றி அண்ணி பேசுவதில்லை. கடற்கரை ஊர்களில் துணி சீக்கிரம் விறைத்துப்போகும், மலை ஊர்களில் உலரவே உலராது என்று எனக்குக்கூடப் பாடமாகிவிட்டது. போகிற ஊரெல்லாம் அவருக்குப் பிடிக்கும். அங்குள்ள டீயைக் குடிப்பார், எதிரணி ரசிகைகளோடு சிநேகம் பிடிப்பார், கறை எடுக்க வழி சொல்லிக்கொடுப்பார். ஆனால் வண்டி திரும்பி, எங்கள் தெருமுனை மருந்துக்கடையின் விளக்கு கண்ணில் பட்டதும் ஒரு பெருமூச்சு விட்டு, "ஆயிரம் சொல்லு, நம்ம பேட்டைக்கு உறைபோடக் காணாது," என்று தீர்ப்பு சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். எங்கள் பேட்டையில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. குறுகலான தெரு, பாதி நாள் வராத தண்ணீர், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் புல்லைவிட மண் அதிகமாக உள்ள மைதானம். அவ்வளவுதான்.

அண்ணி இந்தப் பேட்டையில் பிறந்தவர் அல்ல. கல்யாணமாகி வந்தவர். வந்த புதிதில் அவரை எல்லோரும் 'சலவைக்கடை வீட்டுப் பொண்ணு' என்றுதான் சொன்னார்கள். அந்தச் சமயத்தில்தான் எங்கள் அணி ஒரு கோப்பையை வென்றது. முதலும் கடைசியுமாக வென்ற கோப்பை. அன்று அண்ணியும் புதிதாக வாங்கிய பச்சை ஜெர்சியைச் சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொண்டு கூட்டத்தில் நின்றார். ஆட்டம் முடிந்த களேபரத்தில் யாரோ ஒரு புட்டி ஆரஞ்சுப் பானத்தை அவர் தலையில் கவிழ்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் 'பச்சையக்கா' ஆனார். நெஞ்சில் ஆரஞ்சுக் கறை படிந்த அந்தச் சட்டை அதற்குப் பிறகு துவைக்கப்படவே இல்லை. ராசியான சட்டையாம். ஆட்டத்தன்று மட்டும் வெளியே வரும், மற்ற நாளில் அந்துருண்டை போட்டுப் பெட்டிக்குள் இருக்கும். வேர்வையும் அந்துருண்டையும் சேர்ந்த அந்த வாசனையை நான் வண்டி ஓட்டிக்கொண்டே பல நூறு மைல் சுவாசித்திருக்கிறேன்.

அணியின் ஜெர்சிகளைத் துவைப்பதும் அண்ணிதான், கூலி வாங்காமல். துவைத்து, மடித்து, வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, அதன் மேல் பச்சை நாடா கட்டுவார். அவர் கடையில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு நிற நாடா உண்டு. விழா மண்டபத்துக்கு மஞ்சள், மருத்துவமனைக்கு நீலம், அணிக்குப் பச்சை. வெளியூர் ஆட்டமென்றால் அந்த மூட்டையை வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டார். ஆட்டக்காரர்கள் தங்கள் வேனில் முன்னால் போவார்கள். மூட்டை எங்கள் வண்டியில், அண்ணியின் மடியில், பின்னால் வரும். மைதானம் போய்ச் சேர்ந்ததும் உடைமாற்றும் அறைக் கதவைத் தட்டி, கேப்டன் கையில் கொடுத்து, எப்போதும் ஒரே வசனத்தைச் சொல்வார்.

"சுத்தமா இருக்கு. அழுக்காக்கிட்டு வாங்க."

நான் சொல்ல வந்தது சென்ற பருவத்தின் கடைசி ஆட்டத்தைப் பற்றி. வழக்கம்போல எங்கள் அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. அந்த ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் போதும், அதே பிரிவில் நீடிக்கலாம். தோற்றால் கீழ்ப் பிரிவு. கீழே போனால் போகட்டும் என்று விட முடியாது. இந்தப் பிரிவில் ஆடும்வரைதான் மைதானம் அணிக்கு என்று நகராட்சி ஒப்பந்தம். இறங்கினால் அங்கே வண்டி நிறுத்துமிடம் கட்டக் கோடு கூடப் போட்டு வைத்திருந்தார்கள்.

அண்ணி அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ஒரு வேலை மட்டும் செய்தார். கடையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு மூட்டைக்கும் பச்சை நாடா கட்டினார். மருத்துவமனைப் போர்வைக்கும் பச்சை, முடிதிருத்தகத் துண்டுக்கும் பச்சை. பேட்டை முழுக்கப் பச்சை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம். அண்ணன் ஆவிக்குள்ளிருந்து தலையை நீட்டி அந்த வாரத்தின் ஒரே வார்த்தையைச் சொன்னார்.

"குழம்பிடும்."

"ஒண்ணும் குழம்பாது. எனக்கு மூட்டையைத் தொட்டாலே தெரியும்."

ஆட்டத்தன்று காலை மூட்டையோடு வண்டியில் ஏறிய அண்ணி, "இன்னைக்கு என்னமோ கொஞ்சம் கனமா இருக்கு," என்றார்.

பின் இருக்கை மளிகைக்கடைக்காரர், "பொறுப்பு கூடிப்போச்சுல்ல, கனக்கத்தான் செய்யும்," என்றார். வண்டி முழுக்க ஆமோதித்தது. நானும் கியரைப் போட்டேன்.

நான்கு மணிநேரப் பயணம். கொடிகளைப் பார்க்கக்கூட அண்ணிக்கு மனமில்லை. மைதானத்தில் மூட்டையைக் கொடுத்து வசனத்தையும் சொல்லிவிட்டு வந்தார். நான் வழக்கம்போல டிரைவர் இருக்கையைச் சாய்த்துப் போட்டுத் தூங்கத் தயாரானேன். அதற்குள் கேப்டன் ஓடிவந்தார். அவர் பிழைப்புக்கு மின்சார வேலை செய்கிறவர், எளிதில் அதிராதவர். அன்று அவர் முகம் வெளுத்திருந்தது. கையில் வெள்ளையாக ஏதோ தொங்கியது.

"அக்கா, இது என்ன?"

நாற்காலி உறை. விழா மண்டபத்து நாற்காலிகளுக்குப் போடும் வெள்ளை உறை, முதுகில் கட்டிக்கொள்ள ரிப்பனோடு.

அதே நேரத்தில் என் கைபேசி அடித்தது. அண்ணன். அவர் தானாக யாரையும் கூப்பிட்டு நான் பார்த்ததில்லை. "மண்டபத்துலேருந்து ஆள் வந்திருக்கான். நாற்காலிக்கு நம்பர் போட்ட சட்டை வந்திருக்காம். சாயங்காலம் விழாவாம்," என்றவர் சற்று நிறுத்தி, "நான் அப்பவே சொன்னேன்," என்று வைத்துவிட்டார்.

அண்ணி அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு அந்த நாற்காலி உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் ஓயாத மனிதர் வாயை மூடினால் எவ்வளவு பயமாக இருக்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

நடுவர் நியாயமானவராகத்தான் இருந்தார். "பத்துப் பேருக்கும் ஒரே நிறம், முதுகுல வேற வேற நம்பர், கோல்கீப்பருக்கு வேற நிறம். ஆட்டம் தொடங்குற நேரத்துக்குள்ள வந்து நின்னா எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. நிக்கலைன்னா எதிரணி ஜெயிச்சதா எழுதிடுவேன்," என்றார். மைதானத்து மணிக்கூண்டில் கொஞ்ச நேரமே மிச்சமிருந்தது.

வண்டிக்குள் மளிகைக்கடைக்காரர் எழுந்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் தன் பச்சை ஜெர்சியைத் தலைவழியாகக் கழற்ற ஆரம்பித்தார். தொப்பையில் மாட்டிக்கொண்டதால் பக்கத்தில் இருந்தவர்கள் பிடித்து இழுத்தார்கள். அதைப் பார்த்து அடுத்தவர், அதற்கடுத்தவர். கண் மூடித் திறப்பதற்குள் பாதி வண்டி பனியனோடு நின்றது.

அங்கேதான் புதுச் சிக்கல். எங்கள் அணியின் பச்சை ஆண்டுக்கு ஆண்டு மாறும். சில வருடம் கிளிப்பச்சை, சில வருடம் பாசிப்பச்சை, ஒரு வருடம் துணிக்கடைக்காரர் ஏமாற்றியதில் ஏறக்குறைய நீலம். கழற்றிய சட்டைகளை அண்ணி இருக்கைகளின் மேல் விரித்தார். துணியைப் பார்த்ததும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. நிறம் பிரிப்பது அவர் தொழில்தானே. ராசிக்காக அன்று பலர் கோப்பை வென்ற வருடத்துச் சட்டையைப் போட்டு வந்திருந்தார்கள். அந்தக் கிளிப்பச்சையில் ஒன்பது தேறின. எல்லாவற்றிலும் ஒன்பதாம் நம்பர். அந்த வருடம் கோல் போட்டவனின் நம்பரைத் தவிர வேறெதையும் எங்கள் பேட்டையில் யாரும் வாங்கவில்லை.

"உள்பக்கத்தை வெளியில திருப்புங்க," என்றார் அண்ணி. கைப்பையைத் திறந்து, துணிக்குக் குறிபோடும் மைப் பேனாவை எடுத்தார். சலவைக்காரர்கள் அதில்லாமல் கழிவறைக்குக்கூடப் போகமாட்டார்கள். துணி நைந்து கிழிந்தாலும் அழியாத மை அது. முதுகில் பெரிதாக இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதிக்கொண்டே போனார்.

ஒன்பது சட்டையோடு நின்றது. பத்தாவது ஆட்டக்காரன் எங்கள் பின்கள வீரன். உயரத்துக்காக அவனை ஏணி என்போம். அவன் பனியனோடு கதவருகே நின்றான். எல்லோரும் அண்ணியைப் பார்த்தார்கள். அண்ணி மேல்தான் பத்தாவது கிளிப்பச்சை இருந்தது.

"அக்கா, அது ராசிச் சட்டை, வேணாம். வேற ஏதாவது பார்க்கலாம்," என்றான் ஏணி. நல்ல பையன். கொஞ்சம் வாசனைக்குப் பயந்தும் சொல்லியிருக்கலாம்.

அண்ணி ஆரஞ்சுக் கறையின் மேல் கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றார். அப்புறம் சட்டென்று கழற்றி, உள்புறம் திருப்பி, பதினொன்று என்று எழுதி அவனிடம் நீட்டினார்.

"சுத்தமா இல்ல. இருந்தாலும் அழுக்காக்கிட்டு வா."

அத்தோடு முடிந்தது என்று நினைத்த என்னை அவர் ஏற இறங்கப் பார்த்தார். நான் டிரைவர். வெள்ளைச் சட்டை.

"கோல்கீப்பருக்கு வேற நிறம் வேணும் தம்பி."

இப்படியாக என் சட்டை, பாக்கெட்டில் பெட்ரோல் பங்க் ரசீதோடு, முதுகில் ஒன்று என்ற எண்ணோடு, மைதானத்துக்குள் போனது. மாற்று ஆட்டக்காரர்களுக்குச் சட்டை இல்லாததால் கேப்டன் தன் ஆட்களைக் கூட்டி, யாரும் காலை உடைத்துக்கொள்ளக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அழைத்துப் போனார்.

சட்டையில்லாமல் நின்ற நாங்கள் நாற்காலி உறைகளைத் தோளில் போர்த்தி, ரிப்பனைக் கழுத்தில் முடிந்துகொண்டோம். தலை நுழைக்க ஓட்டை போடலாமா என்று கேட்டவருக்கு, "கிழிச்சீங்கன்னா கொன்னுடுவேன். அது வாடிக்கையாளர் துணி," என்று பதில் வந்தது. எதிரணி ரசிகர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் அவர்கள் பாதி ஆட்டத்தைத் தவறவிட்டார்கள்.

என் வாழ்நாளில் நான் முழுதாகப் பார்த்த முதல் ஆட்டம் அது. என் சட்டை உள்ளே ஆடும்போது எப்படித் தூங்குவது? முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு எங்கள் கோல்கீப்பர் விழுந்து, புரண்டு, பாய்ந்து நான்கைந்து பந்துகளைத் தடுத்தான். ஒவ்வொரு முறையும் நான் எழுந்து நின்று கத்தினேன். சட்டைக்காகத்தான் முதலில் கத்தினேன். பிறகு எதற்காகக் கத்தினேன் என்று தெரியவில்லை. மளிகைக்கடைக்காரரின் சட்டைக்குள் ஓரத்தில் ஆடும் ஒல்லிப் பையன் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது போல் ஓடினான்.

கடைசி நிமிடங்களில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. ஏணி முன்னால் ஏறிப் போனான். அவனை மறித்து நிற்க வேண்டியவன் நெருங்கி வந்தான், முகத்தைச் சுளித்தான், ஓரடி தள்ளி நின்றான். இன்னொருவன் வந்தான், அவனும் விலகினான். அத்தனை வருடத்து வேர்வையும் அந்துருண்டையும் வெயிலில் ஆடி ஆடி நன்றாகப் பழுத்திருக்க வேண்டும். பந்து வந்தபோது எங்கள் ஏணி ஆளில்லாத நிலத்தில் மரம் போல் தனியாக நின்றான். தலையால் முட்டினான். உள்ளே போனது.

ஒன்றுக்கு ஒன்று. நடுவர் விசில் ஊதியதும் நான் யாரைக் கட்டிப்பிடித்தேன் என்று எனக்குத் தெரியாது. கழுத்து ரிப்பன்கள் ஒன்றோடொன்று சிக்கி எங்களைப் பிரித்தெடுக்கச் சிறிது நேரமானது. அண்ணி அப்போதுதான் அழுதார். வாய்விட்டு, நாற்காலி உறையில் மூக்கைச் சிந்தி அழுதார். வாடிக்கையாளர் துணி என்று யாரும் நினைவூட்டவில்லை.

திரும்பும்போது தெருமுனை மருந்துக்கடை விளக்கைப் பார்த்ததும் அண்ணி வழக்கமான தீர்ப்பைச் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். கடை வாசலில் அண்ணன் நின்றிருந்தார். மண்டபத்தில் வேறு வழியில்லாமல் முன்வரிசை நாற்காலிகளுக்கு எங்கள் ஜெர்சிகளையே மாட்டிவிட்டார்களாம். ஒன்பதாம் நம்பர் நாற்காலிக்குக் குழந்தைகள் அடித்துக்கொண்டார்களாம். அடுத்த விழாவுக்கும் அதுவே வேண்டுமென்று கேட்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலை கடையில் கூட்டம். ஒன்பது பேரும் தங்கள் சட்டையைத் துவைக்காமல் தரும்படி கேட்டார்கள். சேற்றோடும் நம்பரோடும் அப்படியே வேண்டுமாம்.

"அந்த மை உங்க ஆயுசுக்கும் போகாது. சேறோட ஒரு துணி என் கடையை விட்டு வெளிய போகாது," என்றார் அண்ணி.

"ஆமா, இதைச் சொல்றது யாரு பாருங்க," என்றார் மளிகைக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

அண்ணியும் சிரித்தார். மேசைக்கடியிலிருந்து தன் சட்டையை எடுத்தார். நேர்ப்புறம் திருப்பி ஆரஞ்சுக் கறையை ஒருமுறை பார்த்தார். மற்ற ஒன்பதோடு சேர்த்து இயந்திரத்துக்குள் போட்டுக் கதவைச் சாத்திப் பொத்தானை அழுத்திவிட்டார். கூட்டத்தின் சிரிப்பு நின்றது. அண்ணன் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார்.

எல்லோரும் போன பிறகு நான் கேட்டேன். "என்ன அண்ணி இப்படிப் பண்ணிட்டீங்க? ராசி என்னாகிறது?"

"ராசியும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. நான் இங்க வந்தப்ப என்னை யாருக்கும் தெரியாது. சாயங்காலமானா எங்க வீட்டுக்கு ஓடிப்போயிடலாமான்னு இருக்கும். அந்த ஆரஞ்சுத் தண்ணியைத் தலையில ஊத்தினாங்க பாரு, அன்னைக்குத்தான் நானும் இந்த இடத்து ஆளுன்னு தோணிச்சு. இந்தக் கறையைப் போக்கிட்டா அதுவும் போயிடுமோன்னு ஒரு பயம். சொன்னா சிரிப்பீங்கன்னு ராசின்னு சொல்லிட்டேன்."

"இப்ப பயம் போயிடுச்சா?"

"நேத்து நான் பண்ணின காரியத்துக்கு என்னைப் பாதி வழியிலேயே இறக்கி விட்டிருக்கணும். ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கலையே தம்பி. கேக்காம சட்டையைக் கழட்டிக் குடுத்தாங்க." இயந்திரத்தின் கண்ணாடி வழியாகப் பச்சை சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே, "இனிமே கறை எதுக்கு?" என்றார்.

டீசல் போட வேண்டும் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். டேங்க் நிறையத்தான் இருந்தது.

புதுப் பருவத்தின் முதல் வெளியூர் ஆட்டத்துக்கு அண்ணி சலவை மணக்கும் சட்டையோடு வந்தார். மூட்டையின் நாடாவை அவிழ்த்துப் பார்த்த பிறகே அண்ணன் அவரை வண்டியில் ஏற்றினார். மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றோம். வண்டி மைதானத்தைத் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"யாரு அக்கா உங்களைத் துவைக்கச் சொன்னது?" என்றார் மளிகைக்கடைக்காரர். "இத்தனை வருஷம் நாத்தத்தைப் பொறுத்துக்கிட்டோம்ல, இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்க மாட்டோமா?"

"அந்தச் சட்டை இருந்திருந்தா எனக்கு ரெண்டு கார்னர் கிடைச்சப்ப ஒருத்தன் பக்கத்துல வந்திருப்பானா?" என்று எங்கள் வண்டியிலேயே தொற்றிக்கொண்டு வந்த ஏணி கேட்டான். பின்னிருக்கையிலிருந்து இன்னும் நான்கு குரல்கள் சேர்ந்துகொண்டன. வாரம் முழுக்கத் திட்டப்போகிறார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது.

கண்ணாடியில் அண்ணியைப் பார்த்தேன். முகம் மலர்ந்திருந்தது.

"கேட்டியா தம்பி, வீட்டு ஆளைத் திட்டுற மாதிரி எப்படித் திட்டுறாங்கன்னு?" என்று என்னிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, அழுக்கு மூட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார்.